ஹேண்டில்பாருக்குத் துணியா, நுரையா?

ரோடு பைக்கின் ஹேண்டில்பாரில் சுற்றும் நாடாவைக் கடையில் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து, சுருளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். மெத்தென்று இருந்தால் உயர்ந்தது, தட்டையாக இருந்தால் மட்டம். இந்த ஒரு சோதனையிலேயே பருத்தி நாடா தோற்றுப்போகிறது. பல கடைகளில் அதைக் கண்ணில் காண்பதே அரிதாகிவிட்டது. சுருளை அழுத்திப் பார்ப்பது தவறான சோதனை என்பது என் உறுதியான எண்ணம். குழாயின்மேல் இறுகச் சுற்றிய நாடாவை, வியர்த்த கையால், மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு போகிறோம். அப்படிப் பிடிக்கும்போது பருத்தி நாடா எப்படி, கார்க் என்ற பெயரில் விற்கும் நுரை நாடா எப்படி என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டில் மூத்தது பருத்தி. பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஓட்டிய காலத்துப் பந்தயப் படங்களை உற்றுப் பார்த்தால், ஹேண்டில்பாரில் நெசவின் இழை தெரியும் துணி நாடாதான் இருக்கும். பிரான்சின் வெலாக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ட்ரெஸ்ஸோஸ்டார் நாடா இந்த வகைக்கு நெடுநாள் அடையாளம். ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம், நெய்த பருத்தி, உள்பக்கம் லேசான பசை, அவ்வளவுதான். 1970களிலும் 80களிலும் பெனோட்டோ நிறுவனத்தின் பளபளக்கும் பிளாஸ்டிக் நாடா கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது. பார்க்க அழகு, பிடிக்க வழுக்கல். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் கொண்டுவந்த கார்க் நாடாதான் ஆட்டத்தையே மாற்றியது. 1943இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்ற சினோ சினெல்லி தொடங்கிய நிறுவனம் அது. கார்க் நாடா வந்தபோது நிறுவனம் கொலம்போ குடும்பத்தின் கைக்கு மாறியிருந்தது.

கார்க் நாடா என்றதும் முழுக்க மரப்பட்டை என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி ஈவிஏ நுரை. ஓட்டக் காலணிகளின் அடியில் வருகிறதே, அதே இனம். அந்த நுரையில் கார்க் துகள்களைக் கலந்து தகடாக்கி, சுமார் 3 சென்டிமீட்டர் அகல நாடாவாக வெட்டுகிறார்கள். போர்ச்சுகலில் ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்தெடுப்பதால் கிடைக்கும் அசல் கார்க் இதில் சிறு பங்குதான். நுரையின் கண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை. உள்ளே சிறைப்பட்ட காற்றுதான் கைக்குக் கிடைக்கும் மெத்தை.

அந்த மெத்தை நிச்சயமாக வேலை செய்கிறது. பாரிஸ்–ரூபே பந்தயத்தைப் பாருங்கள். 1896இல் தொடங்கியது. இப்போது ஏறக்குறைய 260 கிலோமீட்டர் தூரம். அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பழைய நாட்டுப்புறப் பாதை. 1968இல் அந்தப் பந்தயத்தில் சேர்ந்த ஆரென்பெர்க் காட்டுப் பாதையில் கற்களுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி உண்டு. அங்கே இரண்டு அடுக்கு நாடா சுற்றிக்கொண்டு வரும் வீரர்கள் பலர். மெல்லிய துணியோடு அந்தப் பாதையில் இறங்குவதற்கு முன் நானும் இரண்டு முறை யோசிப்பேன்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது ஆரென்பெர்க்கில் இல்லையே. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவருக்கு வேண்டியது வேறு. அவருடைய கையின் அளவிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கீழ்நோக்கி வளைந்த டிராப் பாரில் கை பிடிக்கும் இடத்துக் குழாயின் விட்டம் 23.8 மில்லிமீட்டர். அதன்மேல் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நுரை நாடாவைச் சுற்றுகிறோம் என்று வையுங்கள். ஒரு சுற்று முந்தைய சுற்றை மூன்றில் ஒரு பங்கு மூடினால், சராசரியாக எங்கும் ஒன்றரை அடுக்கு இருக்கும். விட்டம் 31.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். சுற்றளவு சுமார் 98 மில்லிமீட்டர். பருத்தி நாடா ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றே வைத்துக்கொள்வோம். குறுகலான நாடா என்பதால் பாதிக்குப் பாதி மூடிச் சுற்றினாலும் விட்டம் 27.8 மில்லிமீட்டர், சுற்றளவு 87. இழுத்துச் சுற்றும்போது நுரை கொஞ்சம் மெலியும் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் நிற்கிறது.

பெரிய கைக்கு இந்த ஒரு சென்டிமீட்டர் சுகம். விரல்கள் வளைந்து நிறைவாகப் பிடிக்கும். மெல்லிய பாரில் நகம் உள்ளங்கையில் குத்துவது போன்ற நெருக்கடி இருக்காது. சிறிய கைக்கோ அதே ஒரு சென்டிமீட்டர் சுமை. பிடி முழுசாக மூடாததால், மேடு பள்ளத்தில் கை நழுவாமல் இருக்க விரல்கள் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும். அப்படி இறுக்கி இறுக்கியே முன்கை தளர்ந்துவிடும். கீழ்வளைவில் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் போகும்போது இன்னொரு தொல்லை: தடித்த நாடா உள்ளங்கையைப் பிரேக் லீவரிலிருந்து இன்னும் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஏற்கெனவே விரல் நுனியால் லீவரைத் தொடுகிற பெண்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சில மில்லிமீட்டர் பாதுகாப்புச் சங்கதி. அவர்களுக்குக் கடைக்காரர் ‘மெத்தென்று இருக்கும், எடுத்துக்கோங்க’ என்று தடித்த நாடாவை நீட்டும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கை மரத்துப்போகிறது என்பதுதான் தடித்த நாடா வாங்குவதற்குப் பலர் சொல்லும் காரணம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளியோர அடியில் குயான் குழல் என்ற இடுக்கு வழியாக ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி காணும் கோளாறு என்பதால் மருத்துவர்கள் இதற்குச் சைக்கிளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நரம்பை நசுக்குவது எது? அதிர்வும் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிது, கையின்மேல் விழும் உடலின் பாரம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னுக்குச் சறுக்கும். அதைத் தடுக்கக் கை எப்போதும் ஊன்றிக்கொண்டே இருக்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதே கதைதான். அந்தப் பாரத்தை எந்த நாடாவும் குறைக்காது. அதிர்வைக் குறைப்பதில்கூட டயர்தான் முதல்வன். ரோடு பைக்குகளில் நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் டயர்தான் வழக்கம். இன்று பந்தயக்காரர்களே 28 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள், காற்றழுத்தத்தையும் குறைத்துவிட்டார்கள். டயரில் அந்த அகலமான காற்றுத்திண்டு வந்த பிறகு, கைக்கடியில் இரண்டரை மில்லிமீட்டர் நுரை செய்து தரும் பங்கு முன்பைவிடச் சிறியது. மெல்லிய நாடாவுக்கு இதனால் மறுபடி ஒரு வாசல் திறந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இனி வியர்வை. நம் ஊருக்கு இதுதான் பெரிய பரீட்சை. ஈவிஏ நுரை தண்ணீரைக் குடிக்காது. மழைக்கு அது நல்லது. வியர்வைக்கு அவ்வளவு நல்லதில்லை, ஏனென்றால் குடிக்காத தண்ணீர் மேலேயே நின்று வழுக்கும். அதனால்தான் நுரை நாடாவில் துளை போடுகிறார்கள், புள்ளி புள்ளியாகப் புடைப்பு வைக்கிறார்கள். லிசார்ட் ஸ்கின்ஸ் போன்ற புதிய பாலிமர் நாடாக்கள் பசபசப்பாக ஒட்டிப் பிடிப்பதே இந்தக் குறையைத் தீர்க்கத்தான், 1.8, 2.5, 3.2 மில்லிமீட்டர் என்று தடிமனையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சிறிய கைக்காரர் நுரைக் கட்சியிலேயே இருக்க விரும்பினால் 1.8 நல்ல சமரசம். ஆனால் அந்தப் பசபசப்பு புழுதியும் வியர்வையும் ஏறஏற மங்கிவிடும்.

பருத்தி வியர்வையைக் குடிக்கும். நனைந்த துணியிலும் பிடி நழுவாது. இதில் எந்த நுரையும் அதற்கு ஈடில்லை. குடித்த வியர்வை எங்கே போகும் என்பதுதான் பிரச்சினை. ஐரோப்பாவின் வறண்ட கோடையில் காய்ந்துவிடும். கடலோர ஈரக்காற்றில் வீட்டுக்குள் நிறுத்திய சைக்கிளில் அது காய நேரமாகும். அடுத்த நாள் காலையில் நாடாவைத் தொட்டால் நசநசவென்றிருக்கும், நாளடைவில் வாடையும் வரும், வெள்ளை நாடா சாம்பல் நிறமாகும். வெறும் பருத்தியைச் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பருத்தியைக் காப்பாற்ற வருவது அரக்கு. துணி நாடாவின்மேல் அரக்குப் பூசுவது பழைய பழக்கம். அமெரிக்காவில் அதை மறுபடி பரப்பியவர்களில் முக்கியமானவர், 1994இல் கலிஃபோர்னியாவில் ரிவெண்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன். அங்கே அதை ஏதோ அரிய கைவினை போலக் கொண்டாடுகிறார்கள். நமக்கோ அது வீட்டுச் சரக்கு. பலாசு மரத்திலும் இலந்தை மரத்திலும் அரக்குப் பூச்சி கட்டும் கூட்டிலிருந்து எடுப்பது. இந்தியாவில் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அதன் முக்கிய விளைநிலம். அதற்கென்றே ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். நம் தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைப்பார்களே, அதே கலவைதான் ஹேண்டில்பாருக்கும்.

பூசுவதில் நிதானம் வேண்டும். நீர்த்த கலவையைத் தூரிகையால் தடவினால் துணி முதலில் குடித்துவிடும். அது காய்ந்தபின் அடுத்த பூச்சு. இரண்டு மூன்று பூச்சில் நெசவின் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படும், தண்ணீரும் சட்டென்று இறங்காது, நாடாவும் குழாயோடு ஒன்றிவிடும். ஆசைப்பட்டு மேலும் மேலும் பூசினால் வார்னிஷ் அடித்த கட்டை போல வழவழப்பாகிவிடும். பருத்தியின் பிடிமானம் என்ற ஒரே பெரிய வரத்தை நாமே அழித்ததாகும். நிறமும் மாறும்: வெள்ளை நாடா தேன் நிறமாகும், மஞ்சள் பழுப்பாகும். தண்ணீர் நெடுநேரம் தேங்கினால் வெளுத்துத் திட்டு விழும்; மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் சரியாகும். கைக்கு சானிடைசர் போட்டுக்கொண்டு ஈரத்தோடு பாரைப் பிடிக்கக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரைகிற பொருள்.

இப்படி அரக்கு ஊட்டிய பருத்தியைத்தான் நுரைக்கு எதிரே நிறுத்த வேண்டும். வெறும் பருத்தியை நிறுத்தினால் நம் தட்பவெப்பத்தில் அது நியாயமான போட்டியாகாது.

சுற்றும் வேலையிலும் இரண்டுக்கும் குணம் வேறு. நுரையைக் கீழ்முனையிலிருந்து தொடங்கி ஹேண்டில்பாரைக் கவ்வும் ஸ்டெம் நோக்கிச் சுற்றி, இன்சுலேஷன் டேப்பால் முடிப்பது வழக்கம். ஓட்டு வீட்டில் மேலோட்டின் விளிம்பு தண்ணீர் வடியும் பக்கம் பார்த்திருப்பதுபோல, நாடாவின் விளிம்பும் கை தள்ளும் திசையைப் பார்த்திருக்கும். கை பட்டுச் சுருளாது. நுரையை மிதமாகத்தான் இழுக்கலாம், வேகமாக இழுத்தால் வாயைப் பிளந்துகொள்ளும். புதியவர்கள் கிழிப்பது பிரேக் லீவரின் உறையான ஹூட்டைச் சுற்றி வரும் வளைவில்தான். பருத்தியை எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். கோணலாகிவிட்டால் பிரித்து மறுபடி சுற்றலாம். அரக்கு பிடித்துவிட்ட பிறகு விளிம்பு சுருளும் பயமே இல்லை என்பதால், மேலிருந்து தொடங்கிக் கீழ்முனை மூடிக்குள் செருகியும் முடிக்கலாம், டேப்பே தேவையில்லை. முதல்முறை சுற்றக் கற்றுக்கொள்கிறவர் கையில் நான் பருத்தியைத்தான் கொடுப்பேன்.

நெடுந்தூரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரவேயும் (நேரக்கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம்) 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 600 கிலோமீட்டர் பிரவேயும் கையைப் பொறுத்தவரை வெவ்வேறு உலகம். முதலாவதற்கு, டயரும் சீட்டும் சரியாக இருந்தால் அரக்குப் பருத்தி தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு, அதுவும் ஒட்டுப்போட்ட மாநில நெடுஞ்சாலைகளில் இரவு முழுக்க ஓட்டுவதானால், சராசரிக் கைக்கும் பெரிய கைக்கும் நுரையே மேல். சிறிய கைக்காரர் அங்கேயும் அவசரப்பட்டுத் தடித்த நாடாவுக்குத் தாவ வேண்டாம். பருத்திக்கடியில், உள்ளங்கை ஊன்றும் இடத்தில் மட்டும், பழைய நுரை நாடாவில் ஒரு துண்டு வெட்டி வைத்துச் சுற்றிக்கொள்ளலாம். விரல் மடங்கும் பக்கம் மெலிதாகவே இருக்கும். பாரம் விழும் பக்கம் மட்டும் திண்டு.

எதைச் சுற்றினாலும் ஒன்றை விடக் கூடாது. வியர்வையின் உப்பு நாடாவின் இடுக்குகள் வழியே இறங்கி அலுமினியக் குழாயை அரிக்கும். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றோட்டம் இல்லாததால் இது இன்னும் கடுமை. நுரை இந்த விஷயத்தில் வஞ்சகம் செய்யும்: மேலே புதுசுபோல இருக்கும், அடியில் உப்பு வேலை செய்துகொண்டிருக்கும். பருத்தி அழுக்காகி, கிழிந்து, பிரிக்கச் சொல்லி நம்மைக் கேட்கும். ஆகவே நுரை போட்டவர்கள் அது நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றுங்கள். பசைப்பட்டை பிய்ந்து நாடா வீணாகும், போகட்டும். குழாயை ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், முக்கியமாக ஸ்டெம் கவ்வும் இடத்திலும் பிரேக் லீவரின் பட்டை இறுக்கும் இடத்திலும். வெள்ளைப் பொடி மட்டும் இருந்தால் துடைத்துவிட்டுச் சுற்றலாம். குழி விழுந்திருந்தாலோ கீறல்கோடு தெரிந்தாலோ அந்த ஹேண்டில்பாரை மறுபடி சைக்கிளில் மாட்டாதீர்கள்.