மதிலுக்குள் வந்த லேப்டாப்

2003-இல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் விடுமுறை முடிந்து திங்கள் காலை சீட்டில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. "சார், கம்ப்யூட்டர் அணையப்போகுதுன்னு சொல்லி அறுபது, ஐம்பத்தொன்பதுன்னு எண்ணுது சார். சேவ் பண்ணக்கூட விட மாட்டேங்குது." பத்து நிமிடத்தில் அந்த மாடியில் எக்ஸ்பி இருந்த லேப்டாப்பெல்லாம் எண்ணத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டர் புழு. அது நுழையும் 135-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் புழு அந்த வழியாக வரவே இல்லை. விற்பனைப் பிரிவு நண்பர் ஒருவர் வீட்டில் டயல்-அப் போட்டிருக்கிறார். திங்களன்று லேப்டாப்பைத் தோளில் மாட்டி, செக்யூரிட்டிக்கு வணக்கம் வைத்து, வாசல் வழியாகவே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் காலத்துப் பாதுகாப்பு முழுக்கக் கோட்டைக் கணக்கு. தொடக்கத்தில், வெளியிலிருந்து மோடத்தில் அழைத்தால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவிலுள்ள எண்ணுக்குத் தானே திருப்பி அழைக்கும். நல்ல யோசனைதான், ஊர் ஊராக லாட்ஜில் தங்குகிறவருக்கு உதவாது. பிறகு விபிஎன் வந்தது, இணையத்துக்குள் ஒரு ரகசியச் சுரங்கம். 1996-இல் விண்டோஸ் என்டி 4.0-உடன் பிபிடிபி, 1998-இல் ஐபிசெக் வரையறைகள். சாவிக்கொத்தில் செக்யூர்ஐடி என்ற குட்டிக் கருவி. நிமிடத்துக்கு ஒருமுறை அதில் எண் மாறும். தட்டி முடிப்பதற்குள் மாறிவிட்டதென்று திட்டாத ஆளில்லை. சுரங்க வாசலில் இத்தனை கெடுபிடி, ஆனால் உள்ளே வந்தவர் எந்த அறைக்கும் போகலாம். தப்பு அங்கேதான் இருந்தது.

இதை உரக்கச் சொன்னவர்கள் 2004-இல் பிரிட்டனில் கூடிய ஜெரிக்கோ ஃபோரம்காரர்கள். மதில் இடிந்த எரிகோவின் பெயர், குசும்புதான். 2010-இல் தன்மீது நடந்த ஊடுருவலை கூகுள் வெளியில் சொன்னது. அதன்பின் அவர்கள் கட்டிய 'பியாண்ட்கார்ப்' பற்றிய கட்டுரை 2014 டிசம்பரில் வந்தது. ஆபீஸ் நாற்காலியோ காபிக்கடையோ, இரண்டுக்கும் ஒரே விசாரணை: ஆள் யார், கருவி யாருடையது, அதில் பேட்ச் போட்டாயிற்றா?

அந்த மூன்றாவது கேள்வியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டருக்கான பேட்ச் 2003 ஜூலை 16-ஆம் தேதியே வந்துவிட்டது. ஊர் சுற்றும் லேப்டாப்களை மட்டும் 'ஆபீஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவைத்தவன் நான்.