மைசூரில் பாடமான புலி

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரத்துக்கே பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதர் இரண்டு தலத்திலும் வழிபட்டார் என்பது புராணம். தில்லைக் கூத்தன் அரையில் உடுத்ததும் தாருகவனத்துப் புலியின் தோல்தான். அதனால் பரணில் தாத்தா காலத்துப் புலித்தோல் இருந்தால் தூக்கிப்போட நமக்கு மனம் வராது. என்ன விலை போகும் என்ற ஆசையும் சிலருக்கு எட்டிப் பார்க்கும்.

தென்னாட்டில் சுடப்பட்ட புலிகள் பலவும் போய்ச் சேர்ந்த இடம் மைசூர். காட்டிலேயே உரித்து, உப்புத் தடவி, தோலை வான் இங்கன் தொழிற்கூடத்துக்கு அனுப்புவார்கள். யூஜின் வான் இங்கன் 1900 வாக்கில் தொடங்கியது அது. அங்கே தோலைப் பதனிட்டு, அச்சில் வார்த்த காகிதக்கூழ் உடம்பின் மேல் போர்த்தித் தைப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. வேட்டைக்காரர்கள் அதிகம் விரும்பியது உறுமும் முகத்தை. தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுடப்பட்ட விலங்கு, பாய வந்ததுபோல் பல்லைக் காட்டிக்கொண்டு வீடு திரும்பியது. அந்தப் பொய்யை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

1972 கணக்கெடுப்பில் நாட்டில் எஞ்சியிருந்தவை 1,827 புலிகள். அந்த ஆண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மைசூர்க் கூடம் 1999-இல் மூடப்பட்டது. வீட்டிலிருப்பதைக் கணக்குக் காட்ட 2003-இல் அரசு 180 நாள் அவகாசம் தந்தது. உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். வாரிசுக்கும் போகும், ஆனால் வாரிசு 90 நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விற்கக் கூடாது. எவ்வளவு பழசானாலும் கூடாது, அதுவே நியாயம். பழைய தோலுக்குச் சந்தை இருந்தால், நேற்றுக் கொன்ற புலியும் பழசு என்ற பெயரில் அதே கடைக்கு வரும்.

அதற்காக எரித்துவிடவும் வேண்டாம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பழைய தோல்களை பெங்களூர், கார்டிஃப் ஆய்வாளர்கள் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் கண்ட தாய்வழி மரபணு வகைகளில் 93 சதவீதம் இன்றைய புலிகளிடம் இல்லை. அழிந்த வம்சத்தின் சாட்சி அந்தத் தோல்.

வைத்துக்கொள்ள விருப்பமில்லாத சான்றிதழ்தாரர், 2022 திருத்தத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கலாம். காசு கிடைக்காது. சான்றிதழே இல்லாதவர் வனத்துறையிடம் உண்மையைச் சொல்வதுதான் வழி. எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய தோலில் ஆர்சனிக் இருக்கக்கூடும். மைசூர்க் கூடத்தின் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். எந்தக் காடு, எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, தோலோடு சேர்த்துக் கொடுங்கள்.