வாயில் மாறாத கதை

வைகுண்ட ஏகாதசி இரவு. கண் விழிக்க வேண்டும். விழித்திருக்க ஓர் ஆட்டம் வேண்டும். விரிக்கிறார்கள் பரமபத சோபானப் படத்தை! உருளுகிறது தாயக்கட்டை, நகருகிறது காய். ஏணி கிடைத்தால் ஏற்றம். பாம்பு தீண்டினால் இறக்கம். உச்சியிலே வைகுண்டம். பாம்புகளுக்கோ, பல படங்களில் அசுரர் பெயர்கள்! அடுத்து விழப்போவது எத்தனை என்பதிலேதான் ஆடுவோரின் கருத்தெல்லாம். இந்த ஏணியை இங்கே வைத்தவர் யார்? அந்தப் பாம்புக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் யார்? கேட்பாரில்லை. கேட்டால் ஆட்டம் கெடும் என்பர். கேட்டுத்தான் பார்ப்போமே, தோழர்களே!

கட்டம் வரைந்தது மனிதர் கை. மாற்றியதும் மனிதர் கைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய நாட்டின் இவ்வாட்டம் இங்கிலாந்து சென்றது. தெய்வங்கள் இறங்கின, ஒழுக்கப் போதனைகள் ஏறின. 1943இல் அமெரிக்காவிலே பாம்பும் மறைந்தது. பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரம் அவ்விடத்தைப் பிடித்தது. அதே அமெரிக்காவில் 1974இல் வேறுவகை ஆட்டமொன்று அச்சாகி வந்தது. பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். நடத்துநர் ஒருவர் நிலைமையைச் சொல்வார். பாத்திரங்கள் என்ன செய்வதென்று ஆடுவோரே முடிவு செய்வர். பகடை அங்கும் உண்டு. எனினும் கதையின் போக்கு கட்டத்திலே எழுதி வைக்கப்படவில்லை.

அத்தகைய ஆட்டமொன்றை, புராணம் எப்படிப் பிறக்கிறது, எப்படி உருமாறுகிறது என்பதைக் காட்டுவதற்கென்றே நாம் அமைத்தால் என்ன? வடலூர்ப் பக்கத்து இளைஞர்களாகிய நாம் முதற் கதைக்காக அலைய வேண்டியதில்லை. அருகிலே சிதம்பரம், அதன் வாயிலிலே நந்தன்!

நந்தன் கதையின் ஏட்டைப் புரட்டுவோம். 8ஆம் நூற்றாண்டுச் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையிலே இருப்பது திருநாளைப்போவார் என்ற பெயரும் அதற்கோர் அடைமொழியுமே. சாதி இல்லை; தீ இல்லை. பின்னர் வந்தார் நம்பியாண்டார் நம்பி. அவருடைய அந்தாதியின் ஒரே பாட்டில் ஆதனூர் என்ற ஊர் சேர்ந்தது, 'புலை' சேர்ந்தது, அது நீங்கி முனிவனானதும், மூவாயிரவர் கைகூப்பியதும் சேர்ந்தன. அப்போதும் தீ இல்லை! 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் கைக்கு வருகிறது கதை. முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் தரும் தொண்டன், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கும் நந்தன், முப்பதுக்கு மேற்பட்ட பாடல்களில் உயிர் பெறுகிறான். அங்கேதான் மூட்டப்படுகிறது நெருப்பு. எரியில் இறங்கிய நந்தன் பூணூல் மார்பினனாக எழுகிறான், உள்ளே செல்கிறான், மறைகிறான்.

ஆட்டம் முடிந்ததா? இல்லை. 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர், நிலக்கிழார், இங்கே வருகிறார். வயல்வேலை முடியாமல் தில்லை செல்லாதே என்று தடுக்கிறார். பக்தனின் கதைக்குள் பண்ணையாளின் துயரம் புகுந்த இடம் அது. புதுமைப்பித்தனோ 'புதிய நந்தன்' என்ற சிறுகதையில் அவனைத் தம் காலத்துக்கே அழைத்து வந்தார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள், 1942இல் தண்டபாணி தேசிகர் எனத் திரையிலும் நந்தன் வந்தான். 1970களில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்திலே, அந்தத் தீயைச் சூழ்ச்சியின் தீயாகக் காட்டினார்.

இத்தனை கைகள்! இத்தனை மாற்றங்கள்! ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பழைய கதையில் மாறியவன் நந்தன், மாறாதது வாயில். அவன் சாதியை எரிக்கத் தீ கிடைத்தது; கதவைத் திறக்க ஒரு கை கிடைக்கவில்லை! சென்னை மாகாணத்திலே வாயிலைத் திறந்தது எது? 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம். அதற்காகப் போராடியோர் எவரும் தீயில் இறங்கி மேனி மாற்றிக்கொண்டவரல்லர்.

ஆகவே நாம் அமைக்கும் ஆட்டத்திலே இருக்கைகள் நான்கு: நந்தன், பண்ணையார், அருச்சகர், புலவர். விதிகள் மூன்று. ஒன்று: கதையை மாற்றுவோர், மாற்றியதைச் சீட்டில் எழுதி, தம் பெயரையும் அம்மாற்றத்தால் பயன் பெறுவோர் யாரென்பதையும் குறித்து, மேசைமேல் வைக்க வேண்டும். இரண்டு: பழைய சீட்டை எவரும் கிழிக்கக்கூடாது. மூன்று: தீயை மூட்ட விரும்புவோர், கதவைத் திறக்க ஏன் இயலாது என்பதற்கு முதலில் விடை கூற வேண்டும். நந்தனாக அமர்ந்தவர் அவ்விடையை ஏற்றால்தான் தீ!

விளையாட்டுக்கு இத்தனை கட்டுப்பாடா என்று கேட்கலாம். எழுதி வைத்த விதியின் வலிமையை வடலூரே நமக்குக் காட்டுகிறது. 1867இல் இராமலிங்க வள்ளலார் இங்கே தருமசாலை தொடங்கினார். தில்லைத் தீ சாதியைக் கேட்டது. வடலூர் அடுப்புத் தீ பசியை மட்டுமே கேட்டது. 1872இல் சத்திய ஞானசபைக்கு விதி எழுதினார்: விளக்கைப் பேணுவோர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருத்தல் வேண்டும். 1874இல் அவர் மறைவுக்குப் பின் அவரைச் சுற்றியும் கதைகள் வளர்ந்தன.  ஒளி வழிபாட்டுக்கென எழுந்த சபைக்குள் உருவ வழிபாடும் நுழைந்தது. அது வள்ளலார் நெறிக்கு மாறானது என்று 2006இல் அறநிலையத் துறை முடிவு கூறியது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. வள்ளலாரின் எழுத்து இருந்தது. ஆகவே வழக்கு நின்றது. நந்தன் எழுதிய எழுத்து ஒன்றேனும் உண்டா? அவன் எண்ணியதையெல்லாம் பிறரே எழுதினர். அதனாலன்றோ அவனுக்கு ஓர் இருக்கை கேட்கிறோம்!

அவ்விருக்கையில் ஒருவர் உண்மையிலேயே அமர்ந்தார். ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் அதே சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகப் பள்ளி கண்டார். பள்ளிக்கு அவர் இட்ட பெயர், நந்தனார்! வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் பெயரிலே ஒரு வாயில் திறந்தது. உள்ளே நுழைய நெருப்பு வேண்டியதில்லை. சிலேட்டும் பலகையும் போதும்.

புராணத்தைப் பொய்யென்று புறந்தள்ளுவது எளிது. எந்தக் கை, எந்தக் காலத்தில், எவர் நலனுக்காக அதனை எழுதியது என்று காண்பது கடினம். பகுத்தறிவுக்கு அதுவே பயிற்சி. ஞாயிறு மாலையில் நான்கு தோழர்கள், ஒரு மேசை, கொஞ்சம் காகிதச் சீட்டு, ஒரு பகடை. தொடங்கலாமே!