நான் ஒளித்துவைத்த வாளி

ஸ்காபுறோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் யூன் மாதம் பிறந்தால் ஒரு நீல வாளி வெளியே வரும். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் அதற்குள்தான் போகும். அதை அம்மம்மா கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றுவா. நண்பர்கள் வரும் நாளில் அந்த வாளியைக் கராஜுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது என் வேலை. மணம் அப்படி!

“கடையில பசளை விக்குதுதானே அம்மம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது செடிக்குத் தீன், பிள்ளை. மண்ணுக்கு என்ன குடுக்கிறாய்?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே கொஞ்ச மண், கீழே கிணற்றுத் தண்ணீர். கமக்காரர்களிடம் இருந்தது அவ்வளவுதான். அதனால் முதலில் மண்ணை வளர்த்தார்கள். வேலியில் நின்ற பூவரசிலும் கிளுவையிலும் குழை வெட்டித் தோட்டத்தில் தாட்டார்கள். வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலையையும் தாட்டார்கள். இரவில் ஆடு மாடுகளை வெறும் தோட்டத்தில் பட்டி அடைத்தார்கள். குழை உக்க உக்க நைதரசன் மெல்ல வெளிவரும். ஓலை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

1970களில் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. இன்னும் விளைவிக்க யூரியாவும் பூச்சிமருந்தும் கூடின. பயிர் எடுக்காமல் விட்ட நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மழையோடு சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே கிணறுகளுக்குள் இறங்கியது. மலக்குழிகளும் சேர்ந்து தண்ணீரைக் கெடுத்தன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டின. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

பிறகு போர். 1990களின் பொருளாதாரத் தடையில், வெடிபொருள் செய்யலாம் என்று யூரியாவும் தடுக்கப்பட்டது. அம்மம்மா மறுபடி குழைக்கும் எருவுக்கும் திரும்பியது அப்போதுதான். நாங்கள் “மரபு” என்று பெருமையாகச் சொல்வதை அவ வேறு வழியில்லாமல் செய்தா.

கனடாவிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1991இல் மொன்றியலுக்கு அருகிலுள்ள ஹட்சன் என்ற சிற்றூர், புல்தரையின் அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதைத் தடைசெய்தது. புல்தரை நிறுவனங்கள் வழக்காடின. 2001இல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. ரொறன்ரோ 2003இல் தன் விதியை நிறைவேற்றியது. 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோ முழுவதும் அப்படியான பாவனைக்குத் தடை வந்தது.

வேம்பும் இங்கே வந்து சேர்ந்தது. 2007இல் ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பச்சை வண்டு ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. தெருவோர மரங்கள் சிலவற்றைக் காப்பாற்ற மாநகரம் ஏற்றிய ஊசிமருந்தில் இருந்தது அசாடிராக்டின். அது வேப்பங்கொட்டையிலிருந்து கிடைப்பது. வண்டின் புழு தோல் கழற்றி வளர்வதை அது குழப்பிவிடும்.

“வேம்பு இஞ்சையும் வந்திட்டுதோ?” என்று அம்மம்மா சிரித்தா.

ஆனால் இயற்கை வழியை அவசரத்தில் திணிக்கமுடியாது. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. விளைச்சல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. வருடக்கணக்காக யூரியாவுக்குப் பழகிய மண் ஒரு போகத்தில் மாறாது.

நீங்கள் தோட்டம் தொடங்குவதென்றால் இந்த இலையுதிர்காலத்திலேயே தொடங்குங்கள். உதிர்ந்த மேப்பிள் இலைகளை நறுக்கிப் பாத்தியில் தாட்டுவிடுங்கள். இங்கே எங்களுக்கு அதுதான் குழை. கோடையில் இலைக்கடியில் அழுக்கணவன் வந்தால், முதலில் தண்ணீரை விசையாக அடித்துக் கழுவிப் பாருங்கள். மீன் தண்ணீர் ஊற்றினால் மேலே மண் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் இரவில் ராக்கூன் வந்து கிளறிவிடும்.

எங்கள் நீல வாளிக்கு இப்போது ஒரு மூடி இருக்கிறது. நண்பர்கள் வந்தாலும் அது கத்தரிப் பாத்திக்குப் பக்கத்திலேயே நிற்கும்.