முகம் காட்டாத குரல்

குரலின் வலிமையை வானொலி நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பேசுபவரின் முகத்தை நாம் காண்பதில்லை. ஆயினும், குரலைக் கேட்ட மாத்திரத்தே இன்னாரென்று அறிந்துகொள்கிறோம். நாள்தோறும் கேட்ட குரல் ஒருநாள் கேளாதொழிந்தால், வீட்டில் ஒருவர் குறைந்தாற்போல் ஓர் உணர்வு தோன்றுகிறது. அவ்வாறு குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொழில் புரிந்த ஒரு நடிகரின் வரலாற்றை இங்கே நோக்குவோம். அவர் அமெரிக்கரான மெல் பிளாங்க். பக்ஸ் பனி என்னும் முயலையும், டஃபி என்னும் வாத்தையும், போர்க்கி என்னும் பன்றிக்குட்டியையும் அறிந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அம்மூன்றும் ஒரே தொண்டையிலிருந்து பேசின என்பதை அறிந்தவர்கள் அத்துணைப் பேரல்லர்.

மெல் பிளாங்க் 1908ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் சன் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். ஒறிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் வளர்ந்தார். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் வெற்றிடம் என்பது பொருள். பள்ளியில் ஆசிரியை ஒருவர், பெயரைப் போலவே நீயும் ஒன்றுமில்லாதவனாய்ப் போவாய் என்று ஏசினாராம். அச்சொல் அவர் மனத்தில் ஆழத் தைத்தது. பின்னர் அவர் தம் பெயரின் ஈற்றெழுத்தை மாற்றிக்கொண்டார். எழுத்து மாறிற்று, ஒலி மாறவில்லை. பின்னாளில் ஒலியையே வாழ்வாகக் கொள்ளவிருந்தவர் செய்த முதல் மாற்றம் எழுத்தில் நிகழ்ந்தது வியப்பன்றோ!

1927ஆம் ஆண்டு போர்ட்லண்ட் வானொலியொன்றின் நகைச்சுவை நிகழ்ச்சியில் அவர் சேர்ந்தார். 1933இல் எஸ்டெல் என்பாரை மணந்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து அந்நகரின் மற்றொரு நிலையத்தில் இரவு நிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். வேறு நடிகர்களை அமர்த்தப் பணம் வேண்டுமென்று கேட்டபோது நிலையத்தார் மறுத்துவிட்டனர். ஆகவே கிழவனும் குழந்தையும், குடிகாரனும் அயல்நாட்டானுமாகிய அத்தனை பாத்திரங்களையும் அவ்விருவருமே பேச வேண்டியதாயிற்று. திரைச்சீலையின் பின்னே அமர்ந்து எல்லாப் பாவைகளுக்கும் தானே பேசும் கூத்தனின் நிலை அது. நிலையத்தாரின் சிக்கனமே அவருக்குப் பயிற்சிக்கூடமாயிற்று எனலாம்.

1935இல் தம்பதியர் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்றனர். அங்கே லியோன் ஷ்லெசிங்கர் என்பவரின் கூடம், வார்னர் சகோதரர் நிறுவனத்துக்காகக் கார்ட்டூன் எனப்படும் சித்திரப் படங்களைத் தயாரித்து வந்தது. பிளாங்க் அதன் வாயிலில் பலமுறை சென்று நின்றும், அவரது குரலைக் கேட்கவும் ஒருவர் இசையவில்லை. நெடுநாள் முயன்ற பின்னரே வாய்ப்புக் கிடைத்தது. 1937இல் வெளிவந்த படமொன்றில், குடிமயக்கத்திலிருக்கும் காளைமாடு ஒன்றுக்கு அவர் குரல் கொடுத்தார்.

அக்காலத்தில் போர்க்கி என்னும் பன்றிக்குட்டிக்கு ஜோ டோஹர்ட்டி என்ற நடிகர் பேசி வந்தார். அவருக்கு இயல்பிலேயே திக்குவாய். சொற்கள் அவர் விருப்பப்படி வெளிவாராமையால் ஒலிப்பதிவுக்கு நேரமும் பொருளும் வீணாயின. 1937இல் அப்பாத்திரம் பிளாங்கிடம் வந்து சேர்ந்தது. திக்குதலை வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், நகைச்சுவையின் தாளம் கெடாது அவர் கையாண்டார். போர்க்கியாக அவர் முதன்முதற் பேசிய படத்திலேயே டஃபி வாத்தும் தோன்றிற்று. 1940இல் பக்ஸ் பனி தன் முழு உருவத்தில் வெளிப்பட்டது. நியூயோர்க் நகரத்துப் புரூக்ளின், புரொங்ஸ் பகுதிகளின் பேச்சுவழக்கைக் கலந்து அம்முயலுக்கு அவர் ஒரு நாவைப் படைத்தார். முயல் கரட் கடிக்கும் ஓசைக்கு வேறு காய்கள் பொருந்தாமையால், ஒலிவாங்கியின் முன் உண்மையான கரட்டையே கடித்து, மென்றதை ஒரு கலத்தில் உமிழ்ந்துவிட்டு வசனத்தைத் தொடர்வாராம்.

இத்தொழிலின் இயல்பை இங்கே கருத வேண்டும். அக்கூடத்தில் முதலிற் குரலைப் பதிவு செய்வர். பின்னரே ஓவியர்கள் அக்குரலுக்கேற்ப வாயசைவையும் முகக்குறிப்பையும் தீட்டுவர். ஆகவே நடிகர் சித்திரத்தைப் பின்தொடர்ந்து பேசுவதில்லை. சித்திரமே நடிகரைப் பின்தொடர்கிறது. அவ்வாறிருந்தும், படம் பார்ப்போருக்கு நடிகரின் பெயர் தெரிவதில்லை.

இக்குறையை நீக்கியது ஒரு மறுப்பு. பிளாங்க் ஷ்லெசிங்கரிடம் ஊதிய உயர்வு கேட்டார். அவர் இணங்கவில்லை. பணம் தராவிடின் திரையில் என் பெயரையேனும் இடுங்கள் என்று பிளாங்க் வேண்டினார். செலவில்லாத வேண்டுகோளாகையால் அது நிறைவேறிற்று. 1944 தொடக்கம் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க் என்னும் வரி திரையில் தோன்றலாயிற்று. பெயர் தெரிந்ததும் வானொலி வாய்ப்புகள் பெருகின. 1946இல் அவர் பெயராலேயே ஒரு வானொலி நிகழ்ச்சியும் தொடங்கிற்று. ஆயின் அது ஓராண்டுக்குள் நின்றுபோயிற்று.

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பக்ஸ் பனியை வேட்டையாடித் தோற்கும் எல்மர் ஃபட் என்னும் பாத்திரத்துக்கு 1959இல் தாம் மறையும்வரை குரல் கொடுத்தவர் ஆர்தர் கியூ. பிறயன். முயல் நகைப்பதற்கு வேட்டைக்காரன் வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் ஈடானவர்கள். ஆயினும் அப்படங்களின் திரையில் பிளாங்கின் பெயரே நின்றது. பிறயனின் பெயர் இடம்பெறவில்லை. எல்லாக் குரல்களும் பிளாங்கினுடையவை என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணினர். பெயரின்மையின் துயரை நன்கறிந்த ஒருவர் பெற்ற உரிமை, மற்றவர்களின் பெயரை நிழலில் நிறுத்திற்று. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது வரலாறு ஆகாது.

பிளாங்கின் திறன் சித்திரப் படங்களோடு அமையவில்லை. ஜாக் பெனி என்னும் புகழ்பெற்ற நகைச்சுவையாளரின் வானொலி நிகழ்ச்சியில் அவர் பல்லாண்டு நடித்தார். பெனியின் பழைய மக்ஸ்வெல் கார் புறப்படும் ஓசையை இசைத்தட்டிலிருந்து எழுப்புவது வழக்கம். ஒருநாள் அது ஒலிக்கவில்லை. நேரடி ஒலிபரப்பு, தாமதிக்க இயலாது. பிளாங்க் ஒலிவாங்கியை நோக்கிப் பாய்ந்து, அப்பழங்காரின் இருமலையும் தும்மலையும் முனகலையும் தம் வாயாலேயே எழுப்பினார். கூடியிருந்தோர் வெடித்துச் சிரித்தனர். அன்றிலிருந்து அந்தக் காரும் அவருக்குரிய பாத்திரமாயிற்று.

1961ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ஆம் நாள் அவர் வாழ்வில் பேரிடர் நேர்ந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அபாயமான வளைவொன்றில் அவருடைய கார் மற்றொரு காருடன் மோதிற்று. மண்டையோடு பிளந்தது, கால்கள் முறிந்தன. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அவர் நினைவின்றிக் கிடந்தார். மனைவியும் மகனும் அழைத்தும் விடையில்லை. ஒருநாள் மருத்துவர் ஒருவர், அவருடைய பெயரை விடுத்து, பக்ஸ் பனியே நலமா என்று வினவினார். சிறிது நேரம் கழித்து அம்முயலின் குரலில் மெல்ல மறுமொழி வந்தது. இது மருத்துவரும் குடும்பத்தாரும் பின்னர் எடுத்துரைத்த செய்தி. தன் பெயருக்கு எழாத மனிதர், தாம் படைத்த பாத்திரத்தின் பெயருக்கு எழுந்தார்.

அக்காலத்தில் பிளின்ட்ஸ்டோன்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொடரில் பார்னி ரபிள் என்னும் பாத்திரமும் அவருடையதாயிருந்தது. சில வாரங்கள் டோஸ் பட்லர் என்னும் நடிகர் அவருக்காகப் பேசினார். அதன்பின் பிளாங்கின் இல்லத்துக்கே ஒலிப்பதிவுக் கருவிகள் வந்தன. உடலெங்கும் சாந்துக்கட்டுடன் படுக்கையிற் கிடந்தபடி அவர் பேசினார். உடன் நடிப்போர் கட்டிலைச் சூழ நின்றனர். தொடரைப் பார்த்தவர்களுக்குப் பார்னியின் சிரிப்பு மட்டுமே கேட்டது. அச்சிரிப்புக்குரியவர் எழுந்து நிற்க இயலாதவர் என்பது தெரியாது.

1988இல் வெளிவந்த ரொஜர் முயலைப் பற்றிய திரைப்படத்தில் தம் பழைய பாத்திரங்கள் பலவற்றுக்கு அவர் மீண்டும் குரல் கொடுத்தார். எனினும், ஓயாது கத்தும் யொசெமிட்டி சாம் என்னும் பாத்திரத்தை இளைய நடிகர் ஒருவர் பேசினார். எண்பதாண்டுத் தொண்டைக்கு அப்பாரம் மிகை. 1989 ஜூலை 10ஆம் நாள் அவர் காலமானார். போர்க்கி படங்களை முடித்து வைக்கும் விடைபெறும் சொற்களையே அவரது விருப்பப்படி கல்லறையிற் பொறித்துள்ளனர். அவர் ஒருவர் பேசிய பாத்திரங்களைப் பின்னர் பல நடிகர் பகிர்ந்துகொண்டனர்.

ஒன்றுமில்லாதவன் என்று ஏசப்பட்ட பெயர் இறுதியில் திரையிலும் கல்லிலும் நிலைத்தது. பிறயன் போன்றோரின் பெயர் நிலைக்கச் சற்றுக் காலம் சென்றது. அடுத்த முறை ஒரு சித்திரம் பேசக் கேட்டு நாம் சிரிக்கும்போது, பேசுபவர் யாரென ஒரு கணம் வினவுவோமாயின், அது முகம் காட்டாத அனைவருக்கும் நாம் செலுத்தும் சிறு கடனாகும்.