கங்காரு வாலும் கிண்டி வளாகமும்

ராமச்சந்திரன் என்று சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மக்கள் திலகம்தான் நினைவுக்கு வருவார். அதில் தப்பில்லை. ஆனால் எந்த நாட்டு உயிர்வேதியியல் மாணவனைக் கேட்டாலும் அவன் சொல்லும் ராமச்சந்திரன் வேறு. ஜி.என். ராமச்சந்திரன். நம் கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி, தங்கையர் பாடப்புத்தகத்தில் அவர் பெயரை ஒரு வரியில் கடந்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நல்ல சண்டை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மலர்க் குழுவிடம் இடம் கேட்டு வாங்கினேன்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குப் பேராசிரியர் தேடியது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் முதலில் அழைத்தது சர் சி.வி. ராமனை. ராமன் தம் மாணவரைக் கைகாட்டினார். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுதான்.

அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி நிற்கும் புரதம் அது. பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது நல்லதாகப் போயிற்று. கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்-ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் ராமச்சந்திரன் எழுதினார்: கொலாஜன் மூன்று இழை. அடுத்த வருஷமே திருத்திச் சொன்னார்: மூன்று இழையும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. கயிற்றின் நடுவில் இடமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் உட்கார்ந்திருக்கிறது.

உடனே வந்தது எதிர்ப்பு. அதுவும் யாரிடமிருந்து? 1953இல் டி.என்.ஏ. அமைப்பைச் சொன்ன அதே ஃபிரான்சிஸ் கிரிக், கூட அலெக்சாண்டர் ரிச். கயிறு சரி, ஆனால் சென்னைக்காரர்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன. மூன்று அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு கட்டாது, ஒன்றுதான் என்றார்கள்.

நம்மில் ஒருவராக இருந்தால் காட்டமாக ஒரு பதில் எழுதிவிட்டு விட்டிருப்போம். சென்னையில் வேறு மாதிரி யோசித்தார்கள். ‘அளவுக்கு மீறி’ என்றால் என்ன அளவு? அதுவரை தெரிந்த படிகங்களை எல்லாம் அலசி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம் என்று பட்டியல் போட்டார்கள்.

அதற்கு மேல்தான் விஷயமே. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமிலத்துக்கும் சுழலும் மூட்டு இரண்டு. அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். நம் சுரங்கத்து பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கை இடவலமாகத் திரும்பும், மேலும் கீழும் போகும். ஆனால் சில கோணங்களில் மண்சுவரில் இடிக்கும். இடிக்காத கோணங்களை மட்டும் ஒரு கட்டத்தாளில் குறித்தால் எப்படி இருக்கும்? அதேதான். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் ராமச்சந்திரன் அந்தக் கணக்கைப் போட்டு 1963இல் வெளியிட்டார். தாளில் பெரும்பகுதி தடை. சில தீவுகள்தான் அனுமதி. கிளைசினுக்கு மட்டும் பக்கச் சங்கிலி கிடையாது என்பதால் கொஞ்சம் தாராளம். இதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

நம் ஊருக்கும் அவை முக்கியமான வருஷங்கள். 1956இல் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று, 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள், 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இங்கே ஜெர்மன் இயந்திரங்கள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது அங்கே கிண்டியில் அணுவுக்கு அணு தூரம் அளந்துகொண்டிருந்தார்கள்.

சரி, சண்டையில் ஜெயித்தது யார்? 1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு சங்கிலியின் படிக அமைப்பு வெளிவந்தது. பிணைப்பு ஒன்றுதான், அந்த விஷயத்தில் கிரிக் பக்கம் சரி. முறுக்கிய மூவிழைக் கயிறு என்ற அடிப்படை சென்னையுடையது. நோபல் பரிசு கொடுக்கவில்லை என்ற ஆதங்கம் நம்மவர்களுக்கு உண்டு. எனக்கும் உண்டு.

மரபணு ஆராய்ச்சிக்கும் அந்தக் கயிறு வந்து சேர்ந்தது. கொலாஜன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய அமிலம் ஒன்று வந்துவிட்டால் கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் பிள்ளைகள் பலருக்கு அதுதான் காரணம். நடுவில் இடமில்லை என்று 1955இல் சொன்னது, அந்தக் குழந்தைகளின் எலும்பில் தெரிகிறது.

ராமச்சந்திரன் பின்னர் பெங்களூர் போய், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார்; 2001இல் காலமானார். அமினோ அமில வரிசையிலிருந்தே புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். கணினி கணித்ததோ, படிகத்தில் கண்டதோ, ஒரு புரத வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் முதலில் போடும் சோதனைகளில் ஒன்று அந்த 1963 வரைபடம். புள்ளிகள் தீவுக்கு வெளியே அதிகம் விழுந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.