ஊர் பட்ட கடன்

"இராமன் கந்தனிடம் 100 ரூபாய் கடன் வாங்கினான். நூற்றுக்கு 6 வீதம் 5 ஆண்டுகளுக்குத் தனிவட்டி எவ்வளவு?"

பள்ளியிலே பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போடுகிறோம். 30 ரூபாய் என்று பதில் வருகிறது. சரி என்கிறோம்; மதிப்பெண் தருகிறோம். இராமன் வாங்கிய கடனை இராமனே கட்டுகிறான். ஆகவே வட்டியைத் தவிர வேறு சிக்கல் அந்தக் கணக்கிலே இல்லை.

ஊர் கடன் வாங்கினால்? வாங்குவோர், மன்றத்திலே அமர்ந்துள்ள சிலர். கட்டுவோர், வீதியிலே வாழும் எல்லோரும். தொட்டிலிலே கிடக்கும் குழந்தையும் கட்டும். இன்னும் பிறவாத பிள்ளையும் கட்டும்! அப்படியானால், கடன் வாங்கலாமா என்று கட்டப்போகிறவரைக் கேட்க வேண்டாமா? கணக்குப் புத்தகத்திலே இல்லாத இந்தக் கேள்வியை வரலாற்றிலே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் மன்னருமல்லர், மதகுருமாருமல்லர். உழவரும், தொழிலாளரும், சிறு வணிகரும், பத்திரிகையாளரும். அவர்கள் கேட்ட இடம் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் மாநிலம். கேட்ட ஆண்டு 1867.

அந்நாளில் சூரிச்சிலே முடியாட்சி இல்லை. ஆயினும் முடிசூடா மன்னர் ஒருவர் இருந்தார். ஆல்பிரட் எஷர் அவர் பெயர். வடகிழக்கு ரயில்வேயின் தலைமை அவரிடம். 1856-ல் தோன்றிய பெரும் வங்கியை நிறுவியவர் அவர். சட்டமன்றத்திலே அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் அரிது. ஆற்றல் மிக்கவர்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் ரயிலும் ஒரு கை, வங்கியும் அதே கை, ஆட்சியும் அதே கை என்றால், மக்களின் கை எதற்கு? வரி கொடுக்க மட்டுமா?

கிராமத்து உழவன் கடனுக்கு வட்டி கட்டிக் களைத்தான். நகரத்து ஏழை நெரிசல் மிக்க தெருக்களிலே வாடினான். 1867-ல் காலரா வந்தது. நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. அதுவும் யாரை? பெரும்பாலும் ஏழைகளின் குடியிருப்புகளிலே வாழ்ந்தவரை! பிரீட்ரிக் லோகர் என்னும் வழக்கறிஞர், ஆட்சியாளரைச் சாடிச் சிறு வெளியீடுகளை எழுதினார். வின்டர்தூர் நகரிலிருந்து வெளிவந்த 'லாண்ட்போட்டே' ஏடு, மக்களாட்சி என்றால் மக்கள் ஆளவேண்டும் என்று முழங்கியது. அந்த ஏட்டை நடத்தியவர் சாலமன் பிளாய்லர். அவருக்குத் துணை நின்றவர் பிரீட்ரிக் ஆல்பர்ட் லாங்கே. பகுத்தறிவு நூல்களில் நாட்டமுடைய தோழர்கள் இப்பெயரை அறிந்திருக்கக்கூடும். 1866-ல் 'பொருள்முதல் கொள்கையின் வரலாறு' எழுதிய அதே லாங்கேதான். தத்துவம் எழுதிய கை, தலையங்கமும் எழுதிற்று!

அன்றைய சட்டத்திலே ஒரு சிறு வாயில் இருந்தது. 10,000 வாக்காளர் விண்ணப்பத்திலே கையெழுத்திட்டால், "அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா?" என்று மக்களைக் கேட்டே ஆகவேண்டும். அந்த வாயிலைத் தட்டினர். 1867 டிசம்பர் 15. கடுங்குளிர் காலம். சூரிச், வின்டர்தூர், ஊஸ்டர், பூலாக் ஆகிய நான்கு ஊர்களிலே ஒரே நாளில் மக்கள் திரண்டனர். வாளில்லை, வேலில்லை; கையிலே தாளும் பேனாவும். 10,000 கையெழுத்து வேண்டிய இடத்தில் 26,000-க்கு மேல் வந்து குவிந்தது! அடுத்த மாதமே வாக்கெடுப்பு. திருத்தம் வேண்டுமென்றவர் சுமார் 50,000 பேர். வேண்டாமென்றவர் சுமார் 7,000 பேர்.

சட்டம் வகுக்க அவை கூடிற்று. லாங்கேயும் அதில் உறுப்பினர். 1869 ஏப்ரல் 18-ல் மக்கள் ஏற்ற புதிய அரசியல் சட்டத்தில், நாம் தேடும் விடை இருந்தது. மன்றம் இயற்றும் சட்டங்கள் மக்களின் வாக்குக்கு வரவேண்டும். அதோடு நிற்கவில்லை. ஒரே தடவையாக 250,000 பிராங்குக்கு மேற்பட்ட புதுச் செலவா? ஆண்டுதோறும் 20,000 பிராங்குக்கு மேல் தொடரும் செலவா? மன்றம் மட்டும் தீர்மானித்தால் போதாது. மக்களைக் கேள்!

செலவுக்குத்தானே பூட்டு, கடனுக்கு என்ன என்று கேட்கலாம். பெருங்கடன் எங்கிருந்து பிறக்கிறது? பெருஞ்செலவிலிருந்துதான். செலவின் வாயிலிலே மக்களை நிறுத்திவிட்டால், கடன் பின்வாசல் வழியே எளிதில் நுழைய முடியாது. கொடுப்பவனிடம் கேட்காமல் எடுக்காதே என்பதுதான் அச்சட்டத்தின் சாரம்.

இங்கே கட்டுரையை முடித்துவிட்டால் இனிமையாகத்தான் இருக்கும். மக்கள் கேட்டனர், பெற்றனர், வாழ்ந்தனர் என்று மங்களம் பாடலாம். ஆனால் வரலாறு புராணமன்று. கசப்பான பக்கத்தையும் புரட்டித்தான் ஆகவேண்டும்.

எஷரின் ரயிலை 'சீமான்களின் ரயில்' என்று வெறுத்த வின்டர்தூர் மக்களாட்சியினர், தமக்கென ஒரு ரயில் வேண்டுமென்றனர். மக்களின் ரயில்! 'தேசிய ரயில்வே' என்று பெயரிட்டனர். கிழக்கே கான்ஸ்டன்ஸ் முதல் மேற்கே சோபிங்கன் வரை பாதை. இடையிலே சூரிச் நகரத்தைத் தொடாமல் விலகிச் செல்லவேண்டும். ஏனெனில் அது எஷரின் கோட்டை! பயணி எங்கே மிகுதியோ அங்கே ரயில் போகவேண்டும் என்பது கணக்கு. பகைவன் எங்கே இருக்கிறானோ அங்கே போகக்கூடாது என்பது சினம். கணக்கு தோற்றது, சினம் வென்றது.

பணத்துக்கு என்ன வழி? 1874-ல் 90 இலட்சம் பிராங்கு கடனுக்கு வின்டர்தூர், பாடன், லென்ஸ்பர்க், சோபிங்கன் என்னும் நான்கு நகரங்கள் ஜாமீன் நின்றன. குடிமக்களைக் கேளாமலா? கேட்டுத்தான்! குடிமக்கள் ஒப்புதல் தந்தனர். உவகையோடு தந்தனர். ரயில் வந்தால் தொழில் வளரும், ஊர் உயரும், எஷர் தாழ்வான் என்று நம்பினர்.

ஜாமீன் கையெழுத்தின் தன்மையை நம் கிராமத்து முதியோரைக் கேட்டால் சொல்வார்கள். கையெழுத்துப் போடும் நாளில் காசு செலவில்லை. ஆகவே கை தயங்குவதில்லை. வாங்கியவன் விழுந்த மறுநாள்தான் கடன்காரன் நம் வாசலில் நிற்பான். வின்டர்தூர் வாசலிலும் நின்றான். கையெழுத்திடுவதற்கு முன்பே, 1873-ல் வியன்னா பங்குச் சந்தை சரிந்து ஐரோப்பாவின் வாணிகம் தளர்ந்திருந்தது. தேசிய ரயில்வேயின் கிழக்குப் பாதை 1875-ல் திறந்தது. மேற்குப் பாதை 1877-ல் முடிந்தது. பயணி போதவில்லை, சரக்கும் போதவில்லை. 1878-ல் கம்பெனி திவாலாயிற்று. ஏலம் போட்டனர். கட்டச் செலவான தொகையின் சிறு பகுதிக்கு அதை வாங்கியது யார் தெரியுமா? எஷர் வளர்த்த அதே வடகிழக்கு ரயில்வே! சீமானை வீழ்த்தப் போட்ட பாதை, சீமானின் கம்பெனிக்கே மலிவு விலையில் போய்ச் சேர்ந்தது.

ரயில் போயிற்று, கடன் போகவில்லை. வின்டர்தூர் அதைக் கட்டித் தீர்த்த ஆண்டு 1952. கையெழுத்து 1874-ல், கடைசித் தவணை 1952-ல். 78 ஆண்டுகள்! 1874-ல் 20 வயது இளைஞனாகக் கை உயர்த்தியவன், கடன் தீர்ந்த நாளிலே உயிரோடிருந்தால் அவனுக்கு வயது 98. கம்பெனி திவாலான ஆண்டில் பிறந்த குழந்தை 74 வயதுக் கிழமாகியிருக்கும். இடையிலே இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. கடன் மட்டும் அசையாமல் நின்றது. யாருடைய சினத்துக்கோ யாரோ வட்டி கட்டினர்!

இன்னும் ஒரு கொடுமை உண்டு. "மக்களைக் கேட்டோம்" என்றார்களே, மக்கள் யார்? ஆண்கள்! 1868-ல் சட்டம் வகுக்கும் அவைக்குச் சூரிச் பெண்கள் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். "எங்களுக்கும் வாக்குரிமை வேண்டும்" என்றனர். பெயரைக்கூட எழுதாமல் அனுப்பினர். 26,000 கையெழுத்தைக் கொண்டாடிய அவை, பெயரில்லா அவ்விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தது. சூரிச் மாநிலத்திலே பெண்களுக்கு வாக்குரிமை வந்த ஆண்டு 1970. சுவிஸ் நாடு முழுவதற்குமான தேர்தலில் 1971. ஆம், வின்டர்தூர் கடன் தீர்ந்து 18 ஆண்டுகள் கழித்து! வரியிலே பங்கு, வறுமையிலே பங்கு, வாக்கிலே மட்டும் பங்கில்லை. அந்நகரத்துப் பெண்கள் தம்மைக் கேளாமல் வாங்கிய கடனை மூன்று தலைமுறை சுமந்தனர். கடன் சுமப்போரைக் கேட்கவேண்டும் என்னும் நீதியைக் கண்டுபிடித்த நாடே, அந்நீதியைப் பாதி மக்களுக்கு மறுத்தது.

இதைப் படித்ததும் சிலர் முகம் மலரும். "பார்த்தீரா! இதற்குத்தான் சொன்னோம். பாமரனுக்கு என்ன தெரியும்? வாக்கைக் கொடுத்தீர், ஊரை மூழ்கடித்தான். பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்ள விட்டிருக்கவேண்டும்" என்பர்.

பொறுங்கள் ஐயா! அதே காலத்திலே அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்ததையும் கேளுங்கள். 1869-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ரயில் கம்பெனிக்கு உதவ ஊர் கடன் பத்திரம் வெளியிடலாம். அதற்கு வரி கட்டுவோரில் பெரும்பான்மையினர் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் ஊர்ச் சொத்திலே பெரும்பகுதிக்கு உடையவராகவும் இருக்கவேண்டும். அதாவது, தலையை மட்டும் எண்ணினால் போதாது, நிலத்தையும் எண்ணு என்றது சட்டம். பெரிய மனிதர்கள் என்கிறீர்களே, அவர்கள் கையிலேதான் முடிவு இருந்தது. விளைந்தது என்ன? ஆஸ்விகோ மிட்லண்ட் என்னும் ரயில் கம்பெனி, கடன் பத்திரம் தந்த ஊர்களைத் தேடித்தேடிப் பாம்புபோல் வளைந்து சென்றது. பெரிய ஊர்கள் பலவற்றை விட்டு விலகியது. 1873-ல் திவாலாயிற்று. ஊர்கள் கடனோடு நின்றன. சொத்துடையோன் அறிவுடையோன் என்னும் கதையும் அங்கே கவிழ்ந்தது!

ஆக, பிழை ஏழைக்கும் பொது, சீமானுக்கும் பொது. பிழை நேர்ந்தபின் என்ன செய்தார்கள் என்பதிலேதான் நாடுகள் வேறுபட்டன. நியூயார்க்கிலே 1874-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, தனியார் கம்பெனிகளுக்காக ஊர்கள் கடன்படுவதைத் தடுத்தனர். விண்ணப்பத்தின் பணியும் பின்னர் மாறிற்று. இன்று அம்மாநிலத்து ஊர் மன்றங்கள் நிறைவேற்றும் பலவகைக் கடன் தீர்மானங்களின் மீது, 30 நாட்களுக்குள் வாக்காளர் விண்ணப்பம் கொடுத்தால் பொதுவாக்கெடுப்பு நடத்தவேண்டும். கடன் வாங்கச் சொல்லிக் கையெழுத்துத் திரட்டிய நாட்டில், "கடனுக்குமுன் எங்களைக் கேள்" என்று கையெழுத்துத் திரட்டும் உரிமை வளர்ந்தது.

சூரிச் மக்களோ, கை சுட்டது என்பதற்காக அடுப்பை உடைக்கவில்லை. வின்டர்தூர் வீழ்ந்தபின்னும் வாக்குரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 2005-ல் அவர்கள் ஏற்ற புதிய அரசியல் சட்டத்திலும் அது உண்டு. பெருஞ்செலவுத் தீர்மானத்தை எதிர்த்து 60 நாட்களுக்குள் 3,000 வாக்காளர் கையெழுத்திட்டால், முடிவு மக்களிடம் வரும். இப்போது அந்த 3,000 பேரில் பெண்களும் உண்டு.

நாம் பெறும் பாடம் என்ன? மக்கள் குரலே மகேசன் குரல் என்பர். மகேசன் குரலையே ஆராயாமல் ஏற்காதவர் நாம். பெரும்பான்மையின் குரலை மட்டும் வேதவாக்காகக் கொள்வோமா? வாக்கு என்பது மந்திரமன்று. அது ஒரு கருவி. அதைப் பிடிக்கும் கை கணக்கறிந்த கையாக இருக்கவேண்டும். வின்டர்தூர் மன்றத்திலே ஒருவர் எழுந்து, "பெருநகரைத் தொடாத ரயிலுக்குப் பயணி எங்கிருந்து வருவார்? வராவிட்டால் கடனை யார் கட்டுவார்? எத்தனை ஆண்டு கட்டுவார்?" என்று கேட்டு, விடை வரும்வரை அமராமல் நின்றிருந்தால்! அந்த மூன்று கேள்விகளின் விலை 78 ஆண்டுகள்.

ஆனால், கேள்வி கேட்கத் தெரியாது என்பதற்காகக் கேட்கும் உரிமையையே பறிப்பது, நீந்தத் தெரியாதவனை ஆற்றங்கரைக்கே வராதே என்பதாகும். கரைக்கே வராதவன் என்று நீந்துவான்? உரிமையைக் கொடு, கணக்கையும் கற்பி. இரண்டும் வேண்டும். ஒன்றிருந்து ஒன்றில்லையேல், ஒரு பக்கம் எஷரின் ஆட்சி. மறுபக்கம் வின்டர்தூரின் கடன்.

தோழர்களே! உங்கள் ஊரிலே பாலம் வரும், சந்தை வரும், குடிநீர்த் திட்டம் வரும். வரட்டும், வரவேண்டும். கடன் வாங்குவதே குற்றமென்று நாம் கூறவில்லை. நல்ல பள்ளிக்காகப் பட்ட கடனைப் பேரனும் வாழ்த்திக்கொண்டே கட்டுவான். திறப்பு விழாவிலே மாலை போடுமுன், கணக்கேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எவ்வளவு? என்ன வட்டி? எத்தனை ஆண்டு? விழுந்தால் யார் பொறுப்பு? யாரைக் கேட்டீர்கள்? யாரைக் கேட்கவில்லை?

நாளைக் காலையிலும் வகுப்பிலே வட்டிக் கணக்குப் போடுவோம். ஒரே ஒரு வரியை மட்டும் கூடச் சேர்ப்போம்:

"இந்தக் கடனை வாங்கலாம் என்று முடிவு செய்தது யார்?"